கிரேன் பின் இறுகினால் என்ன செய்வது?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட சங்கக் கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரை)

சங்க வகுப்பு என்றால் கூலி, போனஸ், பஞ்சப்படி, நிலம் என்று பேசுவதுதான் வழக்கம். இன்று நாம் ஓர் இரும்புத் துண்டைப் பற்றிப் பேசப் போகிறோம். பட்டறையில் அதற்குப் 'பின்' என்று பெயர். பாரம் தூக்கும் யந்திரங்களில் இரண்டு பெரிய பாகங்களைக் கோத்து நிறுத்தும் உருண்டையான ஆணி அது.

மாட்டு வண்டி ஓட்டிய தோழர்களுக்குக் கடையாணி தெரியும். அது விழுந்தால் சக்கரம் கழன்று ஓடும், வண்டி குடை சாயும். கிரேனின் பின்னும் அந்த ஜாதிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கடையாணி சக்கரம் கழலாமல் காவல் காக்கிறது. பாரத்தை அது சுமப்பதில்லை. கிரேனின் பின்னோ முழுப் பாரத்தையும் தன் உடம்பில் தாங்கி நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான் வரும்.

"இது பிட்டர் வேலை அல்லவா? எங்களுக்கு எதற்கு?" என்று விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கரும்பு ஆலையில் லாரியிலிருந்து கரும்பை அள்ளிப் போடும் கிரேனில் இந்தப் பின் இருக்கிறது. பஞ்சாலையில் உருளையைத் தூக்கும் செயின் பிளாக்கில், அதன் கொக்கியை மாட்டும் ஷேக்கிளில் இருக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைக் கோக்கும் இடத்திலும், வாய்க்கால் தூர்வாரும் ஜே.சி.பி.யின் வாளியிலும் இருக்கிறது. அறுவடை முடிந்து வயலில் வேலையில்லாத மாதங்களில் நம் தோழர்கள் எங்கே போகிறார்கள்? நகரத்துக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அங்கே இறுகிப் போன பின்னைத் தட்டி எடுக்கும்போது சம்மட்டி யார் கையில் கொடுக்கப்படுகிறது? பெரும்பாலும், நேற்று வேலைக்குச் சேர்ந்த அந்தக் கிராமத்துத் தொழிலாளியின் கையில்தான். ஆகவே இது நம் எல்லோருடைய விஷயம்.

பின் ஏன் இறுகுகிறது?

நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. பின் வரவில்லை என்றால் அதற்கு ஐந்து காரணங்களில் ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டவையோ இருக்கும்.

முதலாவது, பாரம். பின்னின் மேல் இன்னும் எடை நிற்கிறது, அல்லது இழுவை நிற்கிறது. அப்போது பின் இறுகிப் போகவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது, துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. பின்னுக்கும் துளைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் துரு பிறந்தால், அது பெருக இடம் ஏது? இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக் கொள்கிறது. மழையில் நனைந்த கிரேனும், கடற்கரைக் காற்றில் நிற்கும் கிரேனும், கரும்புச் சாறு வழியும் இடத்தில் நிற்கும் கிரேனும் சீக்கிரம் துருப்பிடிப்பவை.

மூன்றாவது, காய்ந்த கிரீஸ். கிரீஸ் நாளாக நாளாகத் தார்போலக் கெட்டியாகிறது. கிரீஸ் போகும் கண் அடைபட்டுப் போகிறது. மேலே கிரீஸ் அடிப்பதாகப் பெயர். உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை.

நான்காவது, சிதைவு. முன்பு யாரோ தாறுமாறாக அடித்ததால் பின்னின் தலை காளான்போல விரிந்திருக்கும். அல்லது பாரத்தில் வளைந்திருக்கும். அல்லது புஷ் தேய்ந்து பின்னில் படிபோலப் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் படி துளையின் விளிம்பில் மாட்டிக்கொண்டு வர மறுக்கும்.

ஐந்தாவது, பூட்டு. பின் கழன்று விழாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின், ஒரு தகடு, ஒரு போல்ட், அல்லது பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் சிறு திருகு ஏதாவது ஒன்று இருக்கும். மேலே பெயிண்டும் அழுக்கும் மூடியிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. பூட்டைத் திறக்காமல் கதவை உடைப்பதுபோல் அரை நாள் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் கேள்வி: பாரம் எங்கே நிற்கிறது?

ஒரு சர்க்கரை ஆலையில் நாங்கள் கண்ட காட்சியைச் சொல்கிறோம். அரவை மும்முரமான காலம். வாசலில் கரும்பு லாரிகள் வரிசையில் நிற்கின்றன. கரும்பு அள்ளும் கிரேனின் கைப்பிடியில் ஒரு பின் தேய்ந்துவிட்டது; மாற்ற வேண்டும். காண்டிராக்டரின் ஆள் தலைமேல் நின்று விரட்டிக்கொண்டிருக்கிறார். இளைஞர் ஒருவர் சம்மட்டியை ஓங்கிவிட்டார். வயதான கலாசி ஒருவர் அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, ரெண்டு அடி சேர்த்துப் போட்டா வந்துடும்ணே!"

"தம்பி, வந்துடும். வந்தப்புறம் அந்தக் கைப்பிடி எங்க போய் நிக்கும்? அதைச் சொல்லிட்டு அடி."

இளைஞரிடம் பதில் இல்லை. கைப்பிடி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அதைத் தரையில் இறக்கச் சொன்னார். அடியில் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கச் சொன்னார். கயிற்றைத் தளர்த்தச் சொன்னார். பிறகு பின்னின் ஓரத்தை உற்றுப் பார்த்தார். ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் இடைவெளியுமாக இருந்தது. ஜாக்கியை வைத்து விரற்கடை அளவு உயர்த்தினார். இடைவெளி இரண்டு பக்கமும் சமமாயிற்று. பித்தளைத் துண்டை வைத்து நாலு தட்டுத் தட்டினார். வந்துவிட்டது. அது இறுகவே இல்லை!

தோழர்களே, "வந்தப்புறம் எங்க போய் நிக்கும்?" என்ற அந்தக் கேள்வியை எந்தப் பின்னைத் தொடுவதற்கு முன்பும் நாம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காததால் மடிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

நீண்ட கை உள்ள கிரேன்களைப் பார்த்திருப்பீர்கள். குழாய்களைப் பின்னல்போல வெல்டிங் செய்து, துண்டு துண்டாகக் கோத்து நீளமாக்கிய கை. அதைப் 'பூம்' என்பார்கள். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டோடு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பின்களால் இணைகிறது. வேலை முடிந்து பூமைக் கழற்றுவதற்காகத் தாழ்த்துகிறார்கள். ஆனால் அதைத் தரையில் படுக்க வைக்காமல், நுனியை மேலிருந்து தாங்கு கயிறுகள் இழுத்துப் பிடித்த நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். நடுவில் தாங்க எதுவும் இல்லை. பூமின் எடை முழுவதும் கீழ்ப் பின்களை இழுக்கிறது. இந்த நிலையில் ஒருவர் பூமுக்கு அடியில் புகுந்து கீழ்ப் பின்களை அடிக்கிறார். பின் வரவில்லை. துரு என்று நினைத்து மேலும் ஓங்கி அடிக்கிறார். கடைசியில் வருகிறது. கீல் போட்ட கதவுபோல மேல் பின்களில் பூம் மடிகிறது. அடியில் இருந்தவர் நசுங்கிப் போகிறார்.

இப்படிப் பலர் மாண்ட பிறகு, அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட கிரேன் விதிகளில் இதைத் திட்டவட்டமாக எழுதியது. தாங்கு கயிறுகள் இழுவிசையில் இருக்கும்போது, கயிறு மாட்டிய இடத்துக்கும் கிரேனின் உடலுக்கும் இடையே மேல் பின்னானாலும் கீழ்ப் பின்னானாலும், முழுதாகவோ பாதியாகவோ எடுக்கக் கூடாது என்றது அந்த விதி. "பாதியாகவோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாளைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இன்றே பாதி தட்டி வைப்பதும் குற்றம்தான்.

சியாட்டில் நகரில் நடந்தது என்ன?

விதி வந்துவிட்டது, பிறகாவது நின்றதா? நிற்கவில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் என்றொரு நகரம். உலகின் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றான கூகுளுக்காக அங்கே கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரல் 27, சனிக்கிழமை. அந்தக் கட்டடத்தின் மேல் நின்ற டவர் கிரேனைக் கழற்றும் வேலை நடந்தது. டவர் கிரேனின் தூண் பல துண்டுகளால் ஆனது. துண்டுக்குத் துண்டு பின்களும் அவற்றுக்கான உறைகளும் இணைத்து நிற்கும். முறை என்ன? வேறொரு கிரேன் மேல் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு துண்டின் பின்களை மட்டும் எடுக்க வேண்டும். அதை இறக்கிய பிறகே அடுத்த துண்டு. ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே.

அன்று நடந்தது வேறு. தூணின் பல இணைப்புகளில் பின்களும் உறைகளும் ஏற்கனவே எடுக்கப்பட்டிருந்தன. தூண் வெறும் எடையினால் அடுக்கி வைத்த பானைகளைப்போல நின்றது. காற்று வீசியது. கிரேன் சாலையில் சாய்ந்தது. கிரேனில் இருந்த இரும்பு வேலைத் தொழிலாளர் இருவரும், கீழே சாலையில் காரில் சென்ற இருவரும் மாண்டார்கள்.

அந்த மாநிலத்தின் தொழில் துறை விசாரித்தது. யந்திரம் செய்தவர்கள் எழுதிக் கொடுத்த முறையைப் பின்பற்றாமல், பின்களை முன்கூட்டியே எடுத்ததுதான் காரணம் என்று அது கண்டது. 2019 அக்டோபரில் மூன்று கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. மூன்றுக்கும் சேர்த்து எவ்வளவு? 1,07,200 டாலர். நான்கு உயிர்கள்! அவர்கள் கட்டிய கட்டடத்தில் ஒரு மூலைக்குக்கூட அந்தப் பணம் காணாது.

ஏன் முன்கூட்டியே எடுக்கிறார்கள்? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிரல்ல. பின் இறுகும், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் வேலை வாங்கும், உதவிக் கிரேனுக்கு மணிக்கு மணி வாடகை ஓடும், சாலையை அடைக்கக் கிடைத்த அனுமதி சில மணி நேரமே. எல்லாப் பின்னையும் முதலிலேயே தளர்த்தி வைத்தால் நேரம் மிச்சம். யாருடைய நேரம் மிச்சம்? யாருடைய உயிர் செலவு? இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கா நெடுந்தூரத்தில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அதே ரகக் கிரேன்கள்தான் இன்று சென்னையிலும் கோவையிலும் கட்டடங்களுக்கு மேலே நிற்கின்றன. துருவும் காற்றும் வாடகைக் கணக்கும் எல்லா நாட்டிலும் ஒன்றே.

கழற்றும் முறை

இனி முறையைச் சொல்கிறோம். நிதானமாகக் கேளுங்கள், ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஒன்று: நிறுத்து. யந்திரத்தை அணைத்துச் சாவியை எடுத்து, வேலை செய்பவரே தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹைட்ராலிக் யந்திரமானால் வாளியைத் தரையில் இறக்கி, குழாய்களுக்குள் நிற்கும் அழுத்தத்தையும் விடுவிக்க வேண்டும். என்ஜின் நின்றாலும் எண்ணெய் அழுத்தம் நிற்காது. லீவரைத் தொட்டால் கை அசையும்.

இரண்டு: தாங்கு. பின் வெளியே வந்தால் எந்தப் பாகம் விழும், எந்தப் பாகம் திரும்பும் என்று பார்த்து, இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்குக் கட்டை. ஜாக்கியை நம்பி அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது.

மூன்று: பூட்டைத் தேடு. கம்பி பிரஷ் கொண்டு பெயிண்டையும் அழுக்கையும் சுரண்டினால் ஒளிந்திருக்கும் திருகு தெரியும். பின் ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் சிறுத்த பக்கத்திலிருந்துதான் தட்ட வேண்டும். மறுபக்கம் அடித்தால் ஒவ்வோர் அடியும் மேலும் இறுக்கும்.

நான்கு: வழியைச் சுத்தம் செய். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையும் துளை வழியாகத்தான் வர வேண்டும். அதில் துருவோ விரிசலோ பிசிறோ இருந்தால் அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை இது. இதை விட்டதனால் இரண்டு மணி நேரம் போராடியவர்கள் உண்டு.

ஐந்து: எண்ணெய் விடு, காத்திரு. துருவுக்குள் ஊறிச் செல்லும் எண்ணெய் கடையில் கிடைக்கிறது. அது இல்லாத இடத்தில் மண்ணெண்ணெயும் மெல்லிய என்ஜின் ஆயிலும் கலந்து விடும் வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் விட வேண்டும். லேசாகச் சுற்றிலும் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். கிரீஸ் கண் திறந்திருந்தால் புதுக் கிரீஸை அழுத்தி ஏற்ற வேண்டும். பழையது வெளியே தள்ளப்படும். பிறகு விட்டுவிட வேண்டும். ஓர் இரவு ஊறட்டும். காலையில் மறுபடி விட வேண்டும். சம்மட்டியால் ஆகாதது ஒரு ராத்திரி ஊறலில் ஆகும்.

ஆறு: இழுப்பதற்கு முன் திருப்பு. பின்னின் தலையில் துளையோ பட்டையோ இருந்தால் ஸ்பேனர் போட்டு இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். இம்மியளவு திரும்பினாலும் துருவின் பிடி விட்டது என்று அர்த்தம். கூடவே, கூட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்து, ஜாக்கியால் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் பின்னைச் சுற்றி இடைவெளி சமமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏழு: அடிப்பதைவிட அழுத்துவது மேல். நடுவில் துளை உள்ள ஹைட்ராலிக் ஜாக்கி இருக்கிறது. பின்னின் முனையில் மரை போட்ட தண்டை மாட்டி, அந்த ஜாக்கி வழியாகக் கோத்து இழுக்கலாம். சீராக இழுவையை வைத்துக்கொண்டு, துளையைச் சுற்றியுள்ள பாகத்தில் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். இழுக்கும்போது பின்னுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. 50 மில்லிமீட்டர் கனமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பின் நாலரைக் கிலோ எடை இருக்கும். அது பிடி விட்டுப் பாய்ந்தால் பீரங்கிக் குண்டுதான்.

சம்மட்டியும் நெருப்பும்

அடித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் முறை உண்டு. பின் உறுதியேற்றிய எஃகு. சம்மட்டியின் முகமும் உறுதியேற்றிய எஃகு. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் சில்லு தெறிக்கும். அந்தச் சில்லு கண்ணில் பாய்ந்தால் கண் போயிற்று. ஆகவே இடையே பித்தளை, செம்பு, அல்லது மெத்தென்ற இரும்புத் துண்டை வைத்தே அடிக்க வேண்டும். அந்தத் துண்டு பின்னைவிடச் சற்றே சிறுத்து இருக்க வேண்டும். அதைக் கையால் பிடிக்கக் கூடாது. நீண்ட பிடியுள்ள இடுக்கியால் பிடிக்க வேண்டும். அடிப்பவர், பிடிப்பவர் இருவருக்கும் கண்ணாடி வேண்டும். "கண்ணாடி ஸ்டோரில் இல்லை" என்றால் அந்த வேலையும் இன்று இல்லை!

நெருப்பு வைப்பது அடுத்தது. இரும்பு சூட்டில் விரியும். 100 மில்லிமீட்டர் துளையுள்ள பாகத்தை 100 டிகிரி சூடேற்றினால் அந்தத் துளை 0.12 மில்லிமீட்டர் அகலும். ஒரு காகிதத்தின் கனம்தான். ஆனால் துருவின் பிடி விட அது போதும். சூட்டைத் துளையைச் சுற்றியுள்ள பாகத்துக்குக் கொடுக்க வேண்டும். பின்னுக்குக் கொடுத்தால் பின் விரிந்து மேலும் இறுகும். பின்னைக் குளிர வைப்பதும் ஒரு வழி. உலர் பனிக்கட்டி என்று ஒன்று உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி குளிர்ச்சி. வெறுங்கையால் தொடக் கூடாது. அடைத்த இடத்தில் வைத்தால் மூச்சுத் திணறும்.

ஆனால் எல்லா இடத்திலும் நெருப்பு வைக்கக் கூடாது. கிரேன் பூம் உயர்ந்த உறுதியுள்ள எஃகினால் ஆனது. கேஸ் சுவாலையால் சூடேற்றினால் அந்த உறுதி போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்று சூடேற்றியவர் தப்பிக்கலாம். ஆறு மாதம் கழித்து அதன் அடியில் நிற்கும் யாரோ ஒரு தொழிலாளி மடிவார். யந்திரம் செய்தவர்களின் புத்தகம் அனுமதித்தால் மட்டுமே அங்கே நெருப்பு. கிரீஸ் அடைபட்ட மூடிய பொந்து இருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கும். ஹைட்ராலிக் சிலிண்டர், ரப்பர் சீல், இரும்புக் கயிறு அருகே இருந்தாலும் நெருப்பு ஆகாது. எண்ணெய் ஊற்றி ஊற வைத்த இடத்தில் துடைக்காமல் நெருப்பை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கழற்றிய பிறகு

பின் வந்துவிட்டது. பாதி வேலைதான் முடிந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வளைந்திருக்கிறதா? வெடிப்பு இருக்கிறதா? பள்ளம் விழுந்திருக்கிறதா? இருந்தால் அது குப்பைக்குத்தான். துளையையும் புஷ்ஷையும் அதேபோல் பார்க்க வேண்டும்.

பட்டறைகளில் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. பழைய பின் கெட்டுவிட்டால், கிடைத்த போல்ட்டையோ, கட்டடக் கம்பித் துண்டையோ, லேத்தில் கடைந்த ஏதோ ஓர் இரும்பையோ கோத்துவிடுவார்கள். ஷேக்கிளின் பின் தொலைந்தால் சாதாரண போல்ட்டை மாட்டிவிடுவார்கள். அளவு ஒன்றாக இருக்கலாம், உறுதி ஒன்றல்ல. கடையாணிக்குப் பதில் மூங்கில் குச்சி செருகியதைப்போலத்தான் அது. "இன்றைக்கு ஓடட்டும், நாளை மாற்றலாம்" என்பார்கள். அந்த நாளை பல இடங்களில் வருவதே இல்லை.

மறுபடி கோக்கும்போது துளையைச் சுத்தம் செய்து, பின்னுக்குப் புதிய கிரீஸ் பூசி, பூட்டை மறக்காமல் போட வேண்டும். குறித்த நாளில் கிரீஸ் அடிக்கும் யந்திரத்தில் பின் இவ்வளவு எளிதில் இறுகாது. அப்படியானால் இறுகிய பின் எதைக் காட்டுகிறது? மாதக் கணக்கில் பராமரிப்பு நடக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. எண்ணெய் போட வேண்டிய ஆளைக் குறைத்து, அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்தது நிர்வாகம். அந்த மிச்சத்துக்கு வட்டியைக் கட்டுவது சம்மட்டி பிடிக்கும் தொழிலாளியின் கண்ணும் விரலும்.

நேரம் யாருடையது?

தோழர்களே! இதுவரை சொன்ன முறையைத் திரும்பிப் பாருங்கள். இதில் விலை உயர்ந்த கருவி என்ன இருக்கிறது? கட்டை, எண்ணெய், அரம், பித்தளைத் துண்டு, கண்ணாடி, ஒரு ஜாக்கி. எல்லாம் சேர்த்தாலும் கிரேனின் சில நாள் வாடகைக்கு மேல் போகாது. உண்மையில் இதில் விலை உயர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: நேரம். கட்டை அடுக்க நேரம், ஊற வைக்க ஓர் இரவு, ஒவ்வொரு பின்னாக எடுக்க நேரம்.

அந்த நேரத்தைத்தான் முதலாளி கொடுக்க மறுக்கிறார். தொழிலாளிக்கு முறை தெரியாமலா இருக்கிறது? பல இடங்களில் நன்றாகத் தெரியும். "சார், ராத்திரி ஊறட்டும், காலையில் எடுக்கலாம்" என்று சொன்னால், "உன்னால் முடியாவிட்டால் வேறு ஆள் வருவான்" என்ற பதில் வருகிறது. காண்டிராக்ட் தொழிலாளிக்கு அதற்கு மேல் வாய் திறக்க முடியுமா? நிரந்தர வேலை இல்லாதவனின் கையில் சம்மட்டியைக் கொடுப்பதன் காரணமே அதுதான். அவனால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. விபத்து நடந்த மறுநாள் "தொழிலாளியின் கவனக் குறைவு" என்று எழுதிவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பாரம் தூக்கும் யந்திரங்களையும் சங்கிலிகளையும் கயிறுகளையும் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாகப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. அது போராடிப் பெற்ற உரிமை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில், 2020-இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இதில் தொழிற்சாலை என்பதன் வரையறையே மாறியிருக்கிறது. மின்சக்தி உள்ள இடத்தில் 10 தொழிலாளர் என்றிருந்தது 20 ஆயிற்று. மின்சக்தி இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 ஆயிற்று. பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் கிரேனின் பாரம் பாதியாகக் குறைந்துவிடுமா?

அபாயம் நேரும் என்று அஞ்சினால் முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று புதிய சட்டமும் சொல்லத்தான் சொல்கிறது. ஆனால் தனியாளாகப் போய்த் தெரிவித்தவன் மறுநாள் வேலையில் இருப்பானா? சியாட்டில் விபத்துக்குப் பிறகு, 2024-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது: டவர் கிரேனை ஏற்றவும் கழற்றவும் அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும். நான்கு பேர் மாண்டு ஐந்து ஆண்டு கழித்து வந்த சட்டம் அது. நம் ஊரில் சட்டம் வரும் வரை பிணங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. தாளில் உள்ள உரிமைக்கு உயிர் கொடுப்பது சங்கம் ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே ஒவ்வொரு ஆலையிலும், ஒவ்வொரு கட்டட வேலைத் தலத்திலும் சில கோரிக்கைகளை நாம் எழுப்ப வேண்டும்.

பாரம் தூக்கும் யந்திரங்களுக்குப் பரிசோதனைப் பதிவேடு எங்கே என்று கேட்போம். அதைத் தொழிலாளர் பிரதிநிதி பார்க்க வேண்டும் என்போம்.

கிரேனைக் கோக்கும்போதும் கழற்றும்போதும் முறை தெரிந்த ஒருவர் பொறுப்பாளராக நிற்க வேண்டும். அவர் பெயர் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். யந்திரம் செய்தவர்களின் புத்தகம் தலத்தில் இருக்க வேண்டும். அதன் விஷயம் தமிழிலும், வேறு மாநிலத்திலிருந்து வந்த தோழர்களுக்கு அவர்கள் மொழியிலும் சொல்லப்பட வேண்டும்.

எண்ணெய் போடவும் கிரீஸ் அடிக்கவும் தனி ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஆட்குறைப்புக் கூடாது.

'பாரம் இறங்கவில்லை, அடிக்க மாட்டேன்' என்று ஒரு தொழிலாளி சொன்னால், அவர் நிரந்தரத் தொழிலாளியானாலும் காண்டிராக்ட் தொழிலாளியானாலும், அவருக்குப் பக்கத்தில் மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். அந்த ஒரு நாள் சம்பளம் பிடித்தால் அது எல்லோருடைய பிரச்சினை. ஆலைத் தோழர்களே! கிராமத்திலிருந்து வந்து உங்கள் கிரேனுக்கு அடியில் சம்மட்டி பிடிப்பவர் உங்கள் சங்க உறுப்பினராக இல்லாமல் இருக்கலாம். அவருக்கு முறையைச் சொல்லிக் கொடுங்கள். அவரைச் சங்கத்துக்குள் அழைத்து வாருங்கள். விவசாயத் தோழர்களே! தெரியாத யந்திரத்துக்கு அருகில் நிறுத்தப்பட்டால், "இது வந்தால் எது விழும்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அனுபவம் உள்ளவர்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்பார்.

அடுத்த வகுப்பில் செயின் பிளாக்கையும் இரும்புக் கயிற்றையும் பற்றிப் பேசுவோம். அதற்குள் ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் இடத்தில் உள்ள ஒரு பாரம் தூக்கும் யந்திரத்தைப் பார்த்து, அதில் எத்தனை பின் இருக்கிறது, எதற்குப் பூட்டு இல்லை, எதில் கிரீஸ் கண் அடைபட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் குறிப்புகளைச் சேர்த்துச் சங்கத்தின் பெயரால் நிர்வாகத்திடம் கொடுப்போம். பதில் வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால், எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம்.